அஞ்சாம் நாள் வாங்க

ஊர் முழுக்க ஊதுவைத்தியர் பேச்சுதான். சீழ் வைத்த புண்ணில் மூன்று முறை ஊதுவார், பஞ்சால் அழுத்துவார், மஞ்சளாக வந்ததைத் தூக்கிக் காட்டி, "உங்க மேல யாரோ ஏவிவிட்ட விஷம்" என்பார். புண் ஆறும். வாசலில் விடிந்ததிலிருந்து வரிசை.

அந்த வரிசையில் முதலில் வாயைப் பிளந்தவன் நான். சாதாரண ஆளா? மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வெள்ளையணு எண்ணுகிறவன்! என் கட்டைவிரலை அவர் ஊதி ஆற்றிவிட்டாராம். போகிறவன் வருகிறவனிடமெல்லாம் ஓசியில் விளம்பரம் செய்தேன்.

மகள் காலில் கம்பி குத்தியது. அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னார்: இன்னும் பழுக்கவில்லை, அஞ்சாம் நாள் வாங்க, அதுவரை மாத்திரை, ஊசி எதுவும் கூடாது.

மூன்றாம் நாள் பாதம் வீங்கிவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. கணுக்காலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்காலை நோக்கி ஏறியது. இன்னும் இரண்டே நாள்தானே என்றேன். தையல் வேலை செய்யும் என் மனைவி தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். பிள்ளையை வண்டியில் போட்டுக்கொண்டு நேரே என் மருத்துவமனைக்கே போனாள்.

மருத்துவர் சீழைத் துடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே உட்கார்ந்திருந்த மேதாவி நான்தானே! சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். மானம் போயிற்று. விஷமாவது ஏவலாவது! எல்லாம் நான் தினமும் எண்ணுகிற வெள்ளையணுக்கள். கிருமியின் மேலுறையைத் தடவிப் பார்த்து, இது நம் ஆள் இல்லை என்று கண்டுகொண்டு, விழுங்கிச் செரித்து, அந்தச் சண்டையிலேயே செத்துக் கிடந்தன. சிலவற்றின் வயிற்றில் விழுங்கிய கிருமிகள் மணிமணியாகத் தெரிந்தன. பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் வெள்ளையணுக்கள் ஜெயித்துவிடும், பெயர் ஊதுகிறவருக்கு. அவை தோற்றுப்போன ஆட்கள் அவர் வாசலுக்குத் திரும்பி வருவதில்லை, ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலைக் காப்பாத்தறதே கஷ்டம்" என்றார் மருத்துவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருந்தில் பிள்ளை தேறியதும் மனைவி அந்த வரிசையில் போய் நின்றாள். கூடவே நானும், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அன்று காலை தையல் ஊசி ஏறிய விரலை நீட்டினாள்.

"விஷத்தை எடுங்க."

"அஞ்சாம் நாள் வாம்மா."

"அஞ்சு நாள்ல உடம்பே பார்த்துக்கும். அப்புறம் நீங்க எதுக்கு? இப்ப எடுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஊதினார். அழுத்தினார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது, காட்டுவதற்கு மஞ்சளைக் காணோம். பின்னால் நின்ற தச்சர் அன்றைக்கு உளி பட்ட கையை நீட்டினார். அதிலும் ரத்தம்தான். இன்றைக்கு நேரம் சரியில்லை என்று முனகிக்கொண்டே வைத்தியர் கதவைச் சாத்தினார்.

மூளையே இல்லாத ஒரு வெள்ளையணு, எதிரே வருகிறவனைத் தடவிப் பார்க்காமல் நம்புவதில்லை. மூளையைச் சுமந்துகொண்டு போய் வரிசையில் நின்றவன் நான். அடுத்த வரிசையில் நிற்கும் முன், கழுத்துக்கு மேலே ஏதாவது இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.