கரண்ட் போனதில் பாதியில் நின்ற அருள்வாக்கு

தின்கன்ஜூன், ரங்கூன்.
மாசி மாதம், 2006.

சென்னை பர்மா பஜாரில் கடை வைத்து, நாலு பேருக்கு நல்லவராக இருந்துவரும் மைத்துனர் தங்கவேலு அவர்களுக்கு, தங்கள் தங்கை ரத்தினம்மாளின் கணவனும், தின்கன்ஜூன் மாரியம்மன் கோயில் ரேடியோ செட் பொறுப்பாளனுமாகிய குழந்தைவேலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கையும் மகள் விஜயகுமாரியும் உடம்பளவில் சுகம். அங்கே தங்கள் வீட்டம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று தெரிவிக்கவும். பபேடான் துணிக்கடை பர்கத்துல்லா சென்னைக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு தீப்பெட்டியும் கொடுப்பார். அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். உள்ளே பஞ்சில் சுற்றி ஒரு வளைந்த ஊசி இருக்கிறது.

எனக்குத் தங்களால் இரண்டு காரியம் ஆக வேண்டும். ஒன்று, அந்த மாதிரியைப் பார்த்து ரெக்கார்டு பிளேயருக்கு ஓர் ஊசி. இரண்டாவது, தாய்மாமன் என்ற முறையில் விஜிக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம்: ரெக்கார்டுகளையெல்லாம் விட்டுவிடு என்று. இரண்டும் ஆகாவிட்டால் அவள் கல்யாணம் நின்றுவிடும்.

தாங்கள் வருகிறவர் போகிறவரிடம் கொடுத்தனுப்பும் தட்டையான பார்சல்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். "மாமா, உங்கள் கடை விலாசத்துக்கு என் பெயரில் தபால் வரும்" என்று தங்கள் மருமகள் விஜி எழுதினாள், தாங்களும் பாடப் புத்தகம் என்று நினைத்து அனுப்பினீர்கள். அவை ஹார்ட்கோர் பங்க் என்ற ஒரு சங்கீதத்தின் ரெக்கார்டுகள். பங்க் என்பதே சத்தமான சங்கீதமாம். அதிலும் ஓட்டமும் கத்தலும் கூடி, பாட்டு குறைந்து போனால் அது ஹார்ட்கோராம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியிருக்கும். இதற்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். பின்லாந்தில் ஒருவன், பிரேசிலில் ஒருவன், பினாங்கில் ஒரு பெண். விஜி இண்டர்நெட் கடையில் உட்கார்ந்து அவர்களுக்கு எழுதுகிறாள். எல்லாம் பண்டமாற்று. இங்கத்திப் பையன்கள் வாசித்த கேசட்டை இவள் அனுப்புவாள், அவர்கள் ரெக்கார்டு அனுப்புவார்கள். கேசட் தீர்ந்துபோன ஒரு சமயத்தில் என் ஷான் பை பின்லாந்துக்குப் போய்விட்டது. பென்ஷன் வாங்கப் போகும்போது நான் தோளில் மாட்டிப் போகும் பை மச்சான் அது. அதை மாட்டிக்கொண்டு அந்த ஊர்க்காரன் பனியில் நின்று எடுத்த படம் வந்திருக்கிறது. அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரெக்கார்டு சேர்க்கும் இந்தக் கூட்டத்தில் ஒருவரிடமும் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. புது ரெக்கார்டு வந்தால் எங்கள் வீட்டில் பாய் விரித்து உட்காருவார்கள். பர்கத்துல்லா மகள் பல்கீஸ் வருவாள். பஸ்ஸுக்குப் பெயர்ப் பலகை எழுதும் கோ தூரா என்ற பர்மாக்காரப் பையன் வருவான். தலையில் சேவல் கொண்டை மாதிரி முடியை நிறுத்தியிருப்பதால் எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். இன்னும் சிலர். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வரிசையில் விடுவார்கள், என்னை "ஊ வேலு" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பிறகு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், உள்ளே இருக்கும் காகிதத்தை உரக்கப் படிப்பார்கள், ரெக்கார்டுத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எப்படி இருக்கு பாட்டு?" என்று கேட்டேன். விஜி, "பிரமாதம்ப்பா. கேக்கத்தான் வழியில்ல" என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. கோயில் கேசட்டுக்கு மாறிய நாளிலிருந்து பழைய ரெக்கார்டு பிளேயர் என் பொறுப்பில் பூட்டிக் கிடக்கிறது. எடுத்துத் துடைத்தேன், பெல்ட் மாற்றினேன், பெட்டி ஸ்பீக்கரில் இணைத்தேன். முதலில் மெதுவான வேகத்தில் வைத்தேன்; ஏதோ கிணற்றுக்குள் இருந்து ஒருவர் வேதனைப்படுவது போல, ஓரளவு கேட்கும்படி இருந்தது. கோ தூரா கையெடுத்துக் கும்பிட்டு வேகத்தைக் கூட்டச் சொன்னான். கூட்டினேன். தங்கள் தங்கை சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். எனக்கு அந்தச் சங்கீதத்தில் எந்த ஈடுபாடும் இல்லை என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும். ஆனால் ரெக்கார்டு என்று வந்துவிட்டால் அதற்கென்று முறை இருக்கிறதல்லவா. விரலை நடுவில் வைக்காதே, விளிம்பைப் பிடி, தூசியை வட்டமாகத் துடை என்று நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பினாங்குத் தட்டு துளை சரியாக நடுவில் இல்லாமல் அடித்தது, அதனால் இழுக்கிறது. பிரேசில் தட்டில் டிரம் அடிக்கிறவன் கெட்டிக்காரன். ஒரு தடவை கேட்டாலே தெரியும். நான் ஒரு தடவைதான் கேட்டேன்.

இப்போது சம்பந்தத்துக்கு வருகிறேன். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் கயிறும் வலையும் விற்கும் பொன்னுத்துரை மகன் கணேஷ்குமாரைத் தங்களுக்குத் தெரிந்திருக்காது. நல்ல பிள்ளை. கேட்டால் ஒழியப் பேச மாட்டான். விஜியும் அவனும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். இவள் வீட்டுக்குள் நுழையும்போது சிரித்துக்கொண்டே வந்தாள், அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதே தங்கள் தங்கை, "இது அமையணுங்க" என்று அம்மனுக்குக் காசு முடிந்து வைத்துவிட்டாள். பிள்ளையின் தாயார் நீலாம்பாளுக்கு ஆடித் திருவிழாவில் அருள் வரும். மேளம் வேகம் பிடித்தால் போதும். அந்தக் குடும்பத்தில் கடைக்குப் பலகை மாற்றுவதானாலும் அம்மன் வாயால் உத்தரவு வர வேண்டும். தை கடைசி வெள்ளியன்று கோயிலிலேயே பெண்ணுக்குப் பூ வைத்துவிடலாம் என்று பேசி முடித்தோம்.

கோயில் கேசட் பெட்டி அந்த வாரம் பார்த்துப் பழுதானது. சரி, பழைய பக்திப் பாட்டு ரெக்கார்டுகளையே போடுவோம் என்று பிளேயரைச் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட விஜியின் கூட்டம் வந்தது. கோ தூரா கொண்டை கலையாமல் மரம் ஏறிய அழகைப் பார்த்துப் பூசாரி சுப்பையா, "சேவல் மரமேற இப்பதான் பாக்கறேன்" என்றார். கட்டி முடித்த கூலிக்குப் பிரேசிலிலிருந்து வந்த புதுத் தட்டைப் பெட்டி ஸ்பீக்கரில் கொஞ்சம் போடச் சொன்னார்கள். போட்டேன். பாதியில் கரண்ட் போனது. எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டோம்.

இங்கே எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போனால் சுவிட்சை அணைக்க மாட்டோம். அணைத்தால், வந்தது எப்படித் தெரியும்? மறுநாள் காலை போய் ஒயரைப் பெட்டி ஸ்பீக்கரிலிருந்து குழாய் ஸ்பீக்கருக்கு மாற்றினேன். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் தெருக்கோடிக்குக் கேட்கிறாற்போல் முழுக்கத் திருகிவைத்தேன், எப்போதும் வைக்கிறது போல.

பூசை எண்ணெய் விளக்கிலேயே நடந்தது. பிள்ளை வீட்டார் வந்தார்கள். விஜி பட்டுடுத்தித் தலை குனிந்து நின்றாள், நல்லபடியாகத்தான் நின்றாள். நீலாம்பாள் மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பிள்ளைகள், "மீலாபி! மீலாபி!" என்று கத்தின. கரண்ட் வந்தால் இந்த ஊரே அப்படித்தான் கத்தும். நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் வேப்பமரத்திலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது மச்சான். தட்டு வேகம் பிடிக்கப் பிடிக்க உறுமல் உயர்ந்து, அலறலாகி, அதன் கீழே அந்த டிரம் தடதடவென்று விழ, காக்கையெல்லாம் மரத்தை விட்டுப் பறந்துபோயின. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொன்னுத்துரை வாயைத் திறந்து ஏதோ கேட்டார், கேட்கவில்லை.

நீலாம்பாள் பூச்சரத்தைப் போட்டார். தோள் குலுங்கியது. கூந்தல் அவிழ்ந்தது. "சாமி வந்திருச்சு!" என்று தங்கள் தங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆடியில் மேளத்துக்கு அந்த அம்மாள் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது நடை, இது குதிரை ஓட்டம். விஜி கூட்டத்துப் பிள்ளைகள் நாலு பேர் ஓடி வந்து வட்டமாக நின்று, அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கித் தாங்கி நிமிர்த்தினார்கள். அவர்கள் ஆட்டத்தில் அது சட்டமாம்: யார் விழுந்தாலும் மிதிபடாமல் தூக்கிவிட வேண்டும். பல்கீஸ் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அம்மன் கோ தூராவின் கொண்டை முழுக்கத் திருநீறு பூசிவிட்டாள்.

பூசாரி கற்பூரத்தைக் காட்டி, "தாயே, இந்தச் சம்பந்தம் சம்மதமா?" என்று கத்திக் கேட்டார்.

"பொண்ணைப் புடிச்சிருக்குடா!" என்றாள் அம்மன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஆனா எனக்கு ஒரு நிபந்தனை இருக்குடா!"

"சொல்லு தாயே!"

கரண்ட் போய்விட்டது.

அலறல் இறங்கி, உறுமலாகி, நின்றது. நீலாம்பாள் சுற்றிலும் பார்த்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க? பூ எங்க?" என்றார். ஒன்றும் நினைவில்லை. பூசாரி ஓடிப்போய் மூடியைத் திறந்து பிளேயரின் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஊசி வளைந்தது. அதுதான் தீப்பெட்டியில் இருக்கிறது.

அன்றிலிருந்து காரியம் அந்தரத்தில் நிற்கிறது. பொன்னுத்துரை, "சம்பந்தி, நிபந்தனை என்னன்னு தெரியாம எப்படி ஒத்துக்கறது? நாளைக்கு அம்மா கோவிச்சுக்கிட்டா கடை என்ன ஆகும்?" என்கிறார். நியாயம்தான். கோயில் மேளக்காரரை வைத்து முயன்றோம். மனுஷர் வியர்க்க வியர்க்க அடித்தார். நீலாம்பாள் மரியாதைக்கு நின்றுவிட்டுக் கொட்டாவி விட்டார். "அன்னைக்கு மாதிரி இல்லையே அண்ணே" என்று அந்த அம்மாளுக்கே வருத்தம். அந்தத் தட்டுதான் வேண்டும், அதற்கு ஊசி வேண்டும்.

இருந்தாலும் அம்மன் நிபந்தனை என்னவாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தன் கோயில் வேப்பமரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்ட தெய்வம் வேறு என்ன கேட்கும்? அந்தப் பீடைகள் ஒழிய வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் நமக்கும் மரியாதை. விஜியிடம் சொன்னேன். "அம்மன் சொல்லட்டும்ப்பா, நீங்க ஏன் அவங்களுக்காகப் பேசறீங்க?" என்கிறாள். "கல்யாணம் போயிடும்மா" என்றால், "எனக்கும் அவரப் புடிச்சிருக்குப்பா. அதுக்காக இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் போனா, அங்க போறது நானா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. கடைசியில், "மாமா சொல்லட்டும், யோசிக்கறேன்" என்றாள். ஆகவே மச்சான், இனி எல்லாம் தங்கள் பேனாவில் இருக்கிறது. ரெக்கார்டுகளை எல்லாம் அப்பாவிடம் ஒப்படைத்துவிடு, அவற்றுக்கும் உனக்கும் இனி சம்பந்தம் இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். அவற்றை ஒழித்துக்கட்டும் பொறுப்பு என்னுடையது. இனிப் பார்சல் எதுவும் அனுப்பவும் வேண்டாம்.

தாங்கள் குடும்பத்தோடு நீடூழி வாழவும், பஜாரில் வியாபாரம் பெருகவும், முழங்கால் வலி நீங்கவும் தின்கன்ஜூன் மாரியம்மன் அருள் செய்வாளாக. பெரியவர்களுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
குழந்தைவேலு

பின்குறிப்பு: பர்கத்துல்லா பயணம் தள்ளிப்போனதால் கடிதம் என்னிடமே இருந்தது. அதற்குள் கணேஷ்குமார், அந்தப் பேசாத பிள்ளை, படகுத்துறையில் ஒரு கப்பல்காரரைப் பிடித்து எங்கிருந்தோ ஊசி கொண்டுவந்துவிட்டான். நேற்றுப் பகலில் கயிற்றுக்கடையில் வைத்துத் தட்டைப் போட்டோம். போட்டதுமே நீலாம்பாளுக்கு அருள் வந்தது. அம்மன் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்: "பொண்ணோட இந்தத் தட்டும் இந்தப் பெட்டியும் என் வீட்டுக்கு வரணும்டா! வெள்ளிக்கிழமை தவறாமப் போடணும்டா!" இரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் போடச் சொன்னாள். கோயில் கமிட்டி மறுபேச்சில்லாமல் பிளேயரைக் கல்யாணச் சீராகக் கொடுத்துவிட்டது. பங்குனியில் கல்யாணம், தாங்கள் குடும்பத்தோடு வர வேண்டும். விஜி ரெக்கார்டுகளை எல்லாம் எடுத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் வாசலில் இனிச் செருப்பு வரிசை இருக்காது, எனக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

ஆனாலும் மேலே நான் கேட்ட கடிதத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதி அனுப்புங்கள் மச்சான். ரெக்கார்டுகளை அப்பாவிடமே ஒப்படைத்துவிடு என்ற இடத்தை அழுத்தமாக எழுதவும். அம்மன் கேட்டது அந்த ஒரு தட்டைத்தான். மற்றவற்றைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கரண்ட் போய்விட்டது. ஊசியோடு சேர்த்து ஒரு பிளேயரும் பார்த்து அனுப்பவும். பின்லாந்துக்காரனுக்கு வேறு பை வேண்டுமா என்று நானே எழுதிக் கேட்டுக்கொள்கிறேன். பார்சல்கள் இனி என் பெயருக்கு வரும்.