மலையேற மறுத்த ஜீப்பு

லட்சுமணசாமி முடிவு கட்டிவிட்டார். மகள் வர்ஷினிக்கு மொட்டையும் காதுகுத்தும் மலைமேல் இருக்கும் குலதெய்வத்தின் முன்னால்தான். பங்காளிகள் நடந்து மூச்சு வாங்கட்டும். அவர் குடும்பம் ஜீப்பில் ஏறும். அதற்காகத்தான் உடுமலைப்பேட்டைத் தேங்காய் மண்டிக்காரரிடம் அந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கியதே.

"அந்தப் பாதையில ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளமுங்க," என்றாள் மனைவி கீதா. இடுப்பில் கைக்குழந்தை. "கைக்குழந்தைய வெச்சுட்டு அதுல போறதா?"

"நாலு சக்கரமும் இழுக்கும் அம்மணி. பனைமரத்துலயே ஏத்துவேன்."

"நாலும் இழுக்காட்டிங்க?"

"இழுக்காட்டி மலைப்பக்கமே போகமாட்டேன். போதுமா?"

போதும் என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் போதும் என்று சொன்னதில்லை.

மறுநாள் சிங்காநல்லூர் குளத்துக் கரையில் ஒத்திகை. நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் கியர்க் கம்பியை இழுத்துப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன் சக்கரங்கள், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன. வாங்கி வந்த அன்று இதே கரையில் ஆடு மாதிரி ஏறிய வண்டி.

வீட்டு வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். எண்ணெய் மாற்றினார். கம்பியைச் சுத்தியலால் தட்டினார். தலை குழம்பியது.

"உள்ள தண்டு சுத்துது. வெளிய சக்கரம் சுத்தலை. நடுவுல எவன்டா தடுக்கறான்?"

"எனக்கென்னங்க தெரியும். கான்வென்ட்ல பூத்தையலும் பாட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஏனுங்க, ஒர்க்‌ஷாப்புல காட்டலாமுங்களா?"

வண்டிக்கடியிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. மூக்கில் கிரீஸ்.

"பம்ப்செட் கம்பெனி ஃபோர்மேன் வண்டிய இன்னொருத்தன் கழட்டறதா? அப்புறம் நான் கம்பெனிக்குள்ள கால் வெக்க முடியுமா?"

"சும்மா ஒருவாட்டி..."

"மாட்டவே மாட்டேன்."

"சரிங்க," என்று காபியை நீட்டினாள். அவர் மனசு கொஞ்சம் இளகுகிறது என்று தோன்றும்போதெல்லாம் மறுபடி ஒர்க்‌ஷாப் பேச்சை எடுத்தாள். மறுபடி அவர் இறுகினார்.

காதுகுத்து அடிவாரத்திலேயே நடந்தது. "சாமி கீழயும் இருக்குது," என்று பங்காளிகளிடம் அவரே விளக்க வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் தென்னந்தோப்புச் சேற்றில் ஜீப்பு புதைந்தது.

"டிராக்டரக் கொண்டாரட்டுமா லட்சுமணா?" என்றார் ஒரு பங்காளி, ரொம்ப அக்கறையாக.

"குழந்தையப் பிடிங்க," என்று கீதா இறங்கினாள். முன் சக்கரத்தின் நடுவில் இருந்த வட்டத் திருகை ஒரு திருப்பு. அந்தப் பக்கம் போய் இன்னொரு திருப்பு. குழந்தையை வாங்கிக்கொண்டு, "இப்பக் கம்பியப் போடுங்க," என்றாள்.

ஜீப்பு துள்ளி மேடேறியது. பங்காளிகள் கை தட்டினார்கள். கீதா ஏறிக்கொண்டதும் லட்சுமணசாமி அவள் பக்கம் திரும்பினார்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"சாவி குடுக்கறப்ப மண்டிக்காரர் சொன்னாருங்க, இதைத் திருப்பி வெச்சாத்தான் முன் சக்கரம் இழுக்கும்னு. நீங்க அப்பப் பங்காளிகளுக்குப் போன் போட்டுட்டு இருந்தீங்க."

"அப்ப, இத்தனை நாளா..."

"நான்தானுங்க எதிர்ப்பக்கம் திருப்பி வெச்சுப்போட்டேன்."

அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சில்ல? அடுத்த வருசம் சாமி கும்பிடறது மலைமேலதான்."

"போலாமுங்க," என்றாள் கீதா, தூங்கும் குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே. "இந்த வண்டியில திருப்பறதுக்கு வேற எடமா இல்லீங்க?"