மாப்பிள்ளை அதிரசமும் மாமனார் குதிரையும்

மாமியார் வீட்டில் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாதவன் தலை தீபாவளிக்குப் போகக் கூடாது. நான் போனேன். போய் ஒரு குதிரையைக் கொல்லப் பார்த்தேன்.

சுனாமிக்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் மனைவியோடு புது மாப்பிள்ளையாகப் பஸ் ஏறினேன். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவதுதான் மாமனாரின் தொழில். இருந்தது ஒரே குதிரை, ராணி. அதற்கும் காலில் சுளுக்கு. கொட்டகையை விட்டு வெளியே விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கார்த்திகை முகூர்த்தங்களுக்கு அதை நம்பித்தான் வீடே இருந்தது.

ராணி எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாத ரகம். (நான் நேர் எதிர். தண்ணீர் குடித்தாலே சட்டைப் பித்தான் தெறிக்கும்.)

“மாப்ள, நான் கடத்தெருவுக்குப் போய்ட்டு வரேன். இதுக்குப் புல்லு மட்டும் கொஞ்சங் கொஞ்சமா போடுங்க. நின்ன எடத்துலயே நிக்குது, வேற எதுவும் ஜாஸ்தி போட்டா ஆவாது” என்றார் மாமா.

அவர் போனதும் மாமியார் தட்டு நிறைய அதிரசத்தோடு கொட்டகைக்கே வந்தார். “ஆறிப்போறதுக்குள்ள சாப்டுங்க.” காலையிலிருந்து எத்தனையாவது தட்டு என்றே தெரியவில்லை. வேண்டாம் என்றால் கைப்பக்குவம் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடுவாரோ? அவர் தலை மறைந்ததும் ஒன்றை ராணியிடம் நீட்டினேன். அதுவரை புல்லை மோந்து பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்த ஜீவன், அதிரசத்தை என் விரலோடு சேர்த்து விழுங்கப் பார்த்தது. விலா எலும்பைப் பார்த்து எனக்கு மனம் உருகிவிட்டது. தட்டு காலியானது. மாமியார் பூரித்துப்போய் அடுத்த தட்டைக் கொண்டுவந்தார். அதையும் நாங்கள் இருவருமாக முடித்தோம். (‘நாங்கள்’ என்பது சும்மா மரியாதைக்கு.)

மறுநாள் காலை ராணி வயிறு உப்பி, லத்தி போடாமல், திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. டாக்டர் ஓடி வந்தார். “என்னா போட்டீங்க?”

“புல்லுதான் சார். மாப்ளயே தன் கையால போட்டாரு” என்றார் மாமா, பெருமையாக.

டாக்டர் தீனித் தொட்டியைத் துழாவி, புல்லுக்கு அடியிலிருந்து ஒரு பாதி அதிரசத்தை எடுத்தார். மாமியார் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது நான் சுட்டதாச்சே!”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராணி உட்பட.

ஊசி போட்டு, குழாய் வழியாக எண்ணெய் ஊற்றி, “லத்தி போட்டாதான் பொழைக்கும்” என்று சொல்லிவிட்டார் டாக்டர். தீபாவளிப் பட்டாசை மறந்து, குடும்பமே குதிரையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அது செத்தால் நான் எந்த முகத்தோடு ஊர் திரும்புவது? இல்லாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் சோற்று வேளையில், பொத்தென்று விழுந்தது.

“போட்டுடுச்சு! போட்டுடுச்சு!” என்று மாமா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாளில் என் மகள் பிறந்த அன்றுகூட அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டதில்லை.

கார்த்திகையில் ராணி ஜம்மென்று ஊர்வலம் போனது. எனக்குத்தான் தண்டனை தீரவில்லை. இன்றைக்கும் தீபாவளிக்கு மாமியார் என் தட்டில் ஒரே ஒரு அதிரசம் வைத்து, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். இன்னொன்று வைக்கட்டுமா என்று அவர் கேட்பதற்குள் என் மனைவி குறுக்கே விழுவாள்:

“போதும்மா. ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்திருக்காரு, வேற எதுவும் ஜாஸ்தி போட்டா ஆவாது.”

வேண்டும் என்று சொல்லவும் எனக்கு வாய் வருவதில்லை.