உடைந்த கழிப்பறைகளால் ஒரு சுவர்

மாஃப்ரா,
ஜனவரி 18, சனிக்கிழமை

என்றும் என் மதிப்புக்குரிய எட்னா அக்காவுக்கு, தம்பி நார்மன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடுகளும் சுகம். பெர்த்தில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே மழை சொட்டுக்கூட இல்லை, புல்லெல்லாம் சருகாகிவிட்டது.

அக்கா, என் மகள் பிரான்வென்னுக்கு நீதான் புத்தி சொல்லவேண்டும், அத்தை பேச்சென்றால் கேட்பாள். மெல்பர்னில் ஒரு வங்கி வேலை கூப்பிடுகிறது. இவளோ பல்கலைக்கழக ஆராய்ச்சி என்று இடித்த வீட்டுச் செங்கல்லையும் உடைந்த கழிப்பறைப் பீங்கானையும் லாரியில் கொண்டுவந்து என் கொட்டகை முன்னால் கொட்டியிருக்கிறாள். அதை நொறுக்கி, ஜல்லிக்குப் பதிலாகப் போட்டுக் கான்கிரீட் செய்தால் நெருப்பைத் தாங்குமாம். முப்பது வருஷம் ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்த பக்கத்துப் பண்ணை கெவ், வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன நார்ம், ஊருக்கே கக்கூஸ் கட்டப்போறியா?" என்று தினமும் கேட்கிறான். நவம்பரில் முதல் கான்கிரீட் பலகையை இரும்பு அடுப்பில் வைத்துச் சோதித்தாள், கெவ்வும் வேடிக்கை பார்க்க வந்தான், நான் பக்கத்திலேயே ஆட்டுக்கறி வாட்டிக்கொண்டிருந்தேன், அரைமணிகூட ஆகவில்லை, டமார் என்று வெடித்துக் கறி ஒரு பக்கம், கெவ்வின் தொப்பி ஒரு பக்கம், நான் மாட்டுத்தொட்டிக்குள்!

பிரான்வென் என்னையே பார்த்தாள். "அப்பா, இதுக்குத் தண்ணி ஊத்தினியா?"

"கான்கிரீட்டுக்குத் தண்ணி நல்லதாச்சேன்னு, தினம் காலையில கொஞ்சம்..."

"காயட்டும்னு வெச்சிருந்தேன்பா! செங்கல் தூளு தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். சூட்டுல அது ஆவியாகி, வெளிய வர வழியில்லாமத்தான் வெடிக்குது!"

தப்பு என்னுடையதே என்று வை. ஆனால் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லையே! அடுத்த வாரமே மிச்சத்தைக் கலந்து, குட்டையோரத்துத் தண்ணீர் மோட்டாரைச் சுற்றி நெஞ்சுயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டாள். கிட்டப் போகவே எனக்குப் பயம், தண்ணீரும் ஊற்றவில்லை. வங்கியில் சேரச் சொல்லி அவளுக்கு நாலு வரி எழுது. உன் காலும் அத்தானின் காதும் சீக்கிரம் சரியாகக் கடவுள் கண்திறக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி நார்மன்

பி.கு.: செவ்வாய்க்கிழமை. நல்லவேளை, உறையை ஒட்டவில்லை. நேற்று மத்தியானம் புல்தீ வந்தது. வீட்டுக் கூரையை நனைக்கலாமென்று மோட்டாரைப் போட ஓடினேன். போட்டதுதான் தாமதம், காற்று திசைமாறிவிட்டது. திரும்பி ஓட நேரமில்லை. கையோடு கொண்டுபோயிருந்த கம்பளியைக் குட்டையில் முக்கிப் போர்த்திக்கொண்டு அந்தச் சுவருக்குப் பின்னால் குந்திவிட்டேன். தீ இரைந்துகொண்டு கடந்துபோயிற்று. சுவர் கறுத்ததே தவிர, ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. மோட்டார் நிற்காமல் ஓடியது, வீடும் பிழைத்தது. எனக்குப் புருவம் மட்டும் நஷ்டம். பிரான்வென் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் சுவரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டாள். வங்கி பற்றி ஒரு எழுத்தும் எழுதிவிடாதே. கெவ் இப்போதுதான் தன் வீட்டுக் கழிப்பறைப் பீங்கானைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு வந்து நிற்கிறான். "இன்னும் நல்லாத்தான் இருக்கு. பரவாயில்ல, உடைச்சுக்கச் சொல்லு" என்கிறான்.