நோன்புக் கஞ்சியில் என் பொலித்தீன் விஞ்ஞானம்

முட்டாள்களில் பட்டம் வாங்கிய ரகம் ஒன்று உண்டு. இருபத்தாறு வயதில் நான் அதில் முதலாம் வகுப்பு.

அப்போது கெம்பஸில் என் ஆராய்ச்சி, பொலித்தீன் தாளை அமிலத்தில் ஊறவைத்து, உப்பைப் பிடிக்கும் சவ்வாக மாற்றுவது. (விளங்காவிட்டால் விடுங்கள், எனக்கே பாதிதான் விளங்கியிருந்தது.) அந்தப் பாதி அறிவோடு, எனக்குக் கல்யாணம் பேசியிருந்த பெண்ணின் வீட்டில் போய் வாயைக் கொடுத்தேன்.

"மாமி, உங்கட உப்புக் கிணத்துத் தண்ணிய நான் நல்ல தண்ணியாக்கித் தாறன்."

பெண்ணின் வாப்பா, எனக்கு மாமாவாக வேண்டியவர், அவருக்குப் பாலாவியில் உப்பளம். அவர் சிரித்தார். "உப்பெடுக்க எங்களுக்கு வெயில் போதும், மகன்."

அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டுவிட்டது. கேன் நிறைய அவர்கள் கிணற்றுத் தண்ணீரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் தாள்களைப் போட்டு மூன்று நாள் ஊறவிட்டேன். நான்காம் நாள் அவர்கள் வீட்டில் எங்களுக்கு நோன்பு திறக்க அழைப்பு. திறந்த கையோடு கல்யாண நாள் குறிப்பதாக ஏற்பாடு. பின்னேரமே உம்மாவோடு போய், கேனை மாமியிடம் நீட்டினேன்.

"கஞ்சிய இதுல காய்ச்சுங்க."

"நுனி நாக்குல வெச்சுத் துப்பினா நோன்பு முறியாதுதானே, ஒருக்காப் பாக்கட்டா மகன்?"

"தேவையில்ல மாமி. விஞ்ஞானத்துக்கு நாக்கு வேணாம்."

(அட மடையா! இதைச் சொல்லும்போது நெஞ்சை வேறு நிமிர்த்தினேன்.)

உப்பில் சோடியம், குளோரைட் என்று இரண்டு பங்கு இருக்கிறது. இரண்டையும் பிடிக்க இரண்டு வகைச் சவ்வு வேண்டும். இந்தத் துரைக்கு ஒன்று செய்து முடிக்கவே பொறுமை போதவில்லை. அந்த ஒன்று, தான் பிடித்த பங்குக்குப் பதிலாகத் தன்னிடமிருந்த அமிலப் புளிப்பைத் தண்ணீரில் விட்டிருக்கிறது.

தேங்காய்ப்பால் ஊற்றியதும் குசினியில் மாமியின் குரல். "யா அல்லாஹ்! பால் திரைஞ்சு போச்சு!"

நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம். மாமா வந்து, சட்டியில் கட்டி கட்டியாக மிதந்ததைக் கரண்டியால் அள்ளி மணந்து பார்த்தார்.

"உப்புப் போச்சோ தெரியா மகன். கஞ்சி போயிட்டு."

உம்மா என் காதுக்குள், "உன்னப் படிக்க வெச்சதுக்கு உப்பளத்துல இறக்கியிருக்கலாம்" என்றார்.

பேரீச்சம்பழமும் பவுசர் வண்டியில் வந்த தண்ணீருமாக நோன்பு திறந்தோம். நாள் குறிக்கவில்லை. "பெருநாள் போகட்டும், பாப்பம்" என்றார் மாமா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் பெண்ணும் அழுகிற மாதிரிதான் கேட்டது. (ஓம், அழுதாளாம். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்ததாம். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள்.)

இன்றைக்கும் நோன்பு காலத்தில், மாமி தேங்காய்ப்பாலைக் கையில் வைத்துக்கொண்டு குசினியிலிருந்து கூப்பிடுவார்.

"மருமகன், தண்ணிக்குக் கிட்டப் போனீங்களா?"

"இல்ல மாமி."

"அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் பாலை ஊற்றுவார்.