சுவரைப் பார்த்த பிரெஞ்சுக்காரி

“கருவாட்டுக்காரம்மா மகளுக்கு பிரெஞ்சுப் படத்தப் பத்தி என்ன பிள்ள தெரியும்?” என்று என்னைக் கேட்டவர், ஓர் ஓவியத்தின் முதுகை மட்டுமே பார்த்து ரசித்த உலகத்தின் ஒரே மனிதர். தொண்டிக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். ஊரில் பெயர் பாரிஸ் பாய். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அடுத்த வீட்டுக்காரரே யோசிப்பார்.

ஓவியம் வந்த கதை இது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் ஜவுளிக் கடை வைத்திருந்த பாயின் பாட்டனாருக்கு, தாய்நாடு திரும்பிய பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதை அன்பளிப்பாகக் கொடுத்தார். ஜன்னலோரம் ஒரு சீமாட்டி, மடியில் சாம்பல் நிறப் பூனை. ஊருக்குக் கொண்டுவந்த பாட்டனார் அதைக் கூடத்தில் மாட்டினார். கூடத்தில்தான் தொழுகை. தொழுகிற இடத்தில் உருவப்படம் ஆகாது. சிநேகிதர் கொடுத்ததைக் கழற்றவும் மனசில்லை. சீமாட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டாருக்குத் தெரிந்ததெல்லாம் படத்தின் பின்பக்கமும், அதில் ஒட்டியிருந்த சீட்டுகளும்தான்.

பாரிஸ் கண்காட்சி ஒன்றில் இருந்ததற்கு ஒரு சீட்டு, சைகோன் மன்றத்தில் இருந்ததற்கு இன்னொன்று; இரண்டிலும் கையெழுத்து உண்டு. பாய்க்கு பிரெஞ்சு ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் விருந்தாளிக்கு டீ கொடுத்த கையோடு, விரல் வைத்து ஒவ்வொன்றாக விளக்குவார். பொம்பளை அழகா என்று யாராவது கேட்டால், “இருப்பா” என்பார்.

சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். படம் எங்கே தொங்கினாலும் முதுகில் ஒரு சீட்டு விழ வேண்டும். அதற்காகவே இரவல் கொடுக்க ஆரம்பித்தார். கல்யாண மண்டபம், சலூன், எங்கள் மாதா கோயில் திருவிழா என்று எல்லா இடத்துக்கும் படத்தோடு போய், சீமாட்டியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். முடிந்ததும் மைதாப் பசை காய்ச்சிச் சீட்டு ஒட்டுவார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வீட்டுப் பழக்கத்தில் முதுகை வெளியே காட்டி மாட்டிவிட்டார். சிறப்பு விருந்தினர் நெடுநேரம் உற்றுப் பார்த்து, நவீன ஓவியம் அருமை என்று பாராட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு திருப்பி மாட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசல் மிதித்தவள் நான். ஓவிய வரலாறு படித்தேன், பிரெஞ்சும் படித்தேன், புதுச்சேரியில் ஒரு கலைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நம் பக்கத்து வீடுகளில் கிடக்கும் பழைய பிரெஞ்சு ஓவியங்களை வைத்து அங்கே ஒரு கண்காட்சி என்றதும் நேராக பாய் வீட்டுக்குத்தான் போனேன். அப்போது கேட்டதுதான் முதலில் சொன்ன கேள்வி. நான் பாரிஸ் சீட்டை பிரெஞ்சிலேயே வாசித்துக் காட்டினேன். பாய் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

தான் ஒட்டிய கையெழுத்தில்லாத சீட்டுகளெல்லாம் சேர்ந்தாலும் அந்த பாரிஸ் சீட்டு ஒன்றுக்கு ஈடாகாது என்றும், முறையான ஒரு கண்காட்சியில் அந்தப் படம் தொங்குவதைப் பார்த்துவிட்டால் போதும் என்றும் அன்றுதான் சொன்னார். ஆனால் கலைக்கூடத்துக்கு ஒரு கண்டிப்பு உண்டு. படம் யார் கையில், எங்கெங்கே இருந்தது என்பது இடைவெளி இல்லாமல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். பாயின் சீட்டுகளில் கல்யாண மண்டபத்துக்கும் சலூனுக்கும் நடுவே சில வருஷங்களைக் காணோம்.

“மலேசியா போயிருந்துச்சு” என்றார் பாய்.

“யார் கூட பாய்?”

“தனியாத்தான்.”

படத்தின் மரச்சட்டத்துக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனேன். நெத்திலி. நான் பிறந்து வளர்ந்த வாசம் எனக்குத் தெரியாதா? மலேசியா இவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரியாமல் போயிற்றே என்றேன்.

பாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வீட்டுக் கூரை ஒழுகிய காலத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று சிநேகிதர் கருவாட்டு மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் நெத்திலிக்கும் வாளைக்கும் நடுவே சீமாட்டியைத் தடுப்பாக நிறுத்திவிட்டார்.

“ஆனா ஒண்ணு பிள்ள. அம்புட்டுக் கருவாட்டுக்கு நடுவுல இருந்தும் அந்தப் பூனை மடிய விட்டு எறங்கல. நல்ல எடத்துப் பூனை.”

“அப்ப அதை எழுதி ஒட்டுங்க.”

“பாரிசுக்குப் பக்கத்துல கருவாட்டுக் கிட்டங்கின்னா? படிச்சவுக சிரிக்க மாட்டாகளா?”

“எங்கம்மா கருவாடு வித்துத்தான் பாய் நான் அந்த பிரெஞ்சைப் படிச்சேன். யாரு சிரிக்கிறான்னு நான் பாத்துக்கிறேன்.”

பாய் அடுப்படிப் பக்கம் திரும்பி, மைதா இருக்கா என்று மனைவியிடம் கேட்டார்.

கலைக்கூடத் தலைவி அந்தச் சீட்டை வாசித்துச் சிரிக்கத்தான் செய்தார். சிரித்துக்கொண்டே அதிலேயே கையெழுத்தும் போட்டார். இப்போது சீமாட்டிக்குக் கீழே உள்ள அட்டையில் பாரிஸ், சைகோன், தொண்டி, கல்யாண மண்டபம், கருவாட்டுக் கிட்டங்கி, சலூன் எல்லாம் ஒரே எழுத்தில் வரிசையாக இருக்கின்றன.

திறப்பு விழாவுக்கு வரச் சொன்னால், “படம் போனாப் போதும், நான் எதுக்கு” என்கிறார் பாய். அவர் மனைவிதான் போனில் உண்மையைச் சொன்னார். பாரிஸ் பாய் இராமநாதபுரத்தைத் தாண்டியதே இல்லை. பஸ் ஏறினால் வாந்தி வரும்.

புதுச்சேரி பஸ்ஸில் முன் வரிசையில் இரண்டு இருக்கை பதிவு செய்துவிட்டேன். ஜன்னலோரம் அவருக்கு, பக்கத்தில் எனக்கு. எலுமிச்சம்பழமும் வாங்கிப் பையில் போட்டாயிற்று.