ஒரே க்ளிக்கில் நாற்பத்தொரு பள்ளங்கள்

ஒரு கூடை ஜல்லி கொட்டாமல், ஒரு சொட்டுத் தார் உருக்காமல், நாற்பத்தொரு சாலைப் பள்ளங்களை அரை நொடியில் இல்லாமல் ஆக்கிய பெருமை திருப்பூரின் 'நகர எழில் வாரிய'த்தையே சேரும். ரோமாபுரிக்காரர்கள் சாலை போட்டதைப் பற்றி ரொம்பவும் பீற்றிக்கொள்வார்கள். பாவம், அவர்களிடம் மவுஸ் இல்லை.

இந்தச் சாதனையின் கருவியாக இருந்தவர் ஜெயசுதா. அவருடைய கணவர் மருதாசலம் வாரியத்தில் ஜீப் ஓட்டியவர். போன ஐப்பசி மழையில், வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது, ராயபுரத்துச் சந்து ஒன்றில் தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் விழுந்தார். எழவில்லை. உதவிப் பொறியாளர் சென்னியப்பன் ஆய்வு செய்து, "சாலையில் பள்ளம் எதுவும் இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு வாரியம் ஜெயசுதாவுக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தது. பள்ளமே இல்லாத இடத்தில் விழுந்தவரின் மனைவிக்கு வேறு யார் இப்படிக் கருணை காட்டுவார்கள்? 'பள்ளம் எதுவும் இல்லை' என்ற அந்த ஒரு வரியை நீக்கித் தாருங்கள் என்று ஜெயசுதா கொடுத்த ஆறு மனுக்களையும்கூட வாரியம் மிகப் பத்திரமாக வைத்திருந்தது.

அவரைப் போட்டது ஜிஐஎஸ் பிரிவில். ட்ரோன் மேலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் திருத்தி வரைபடமாக்கும் வேலை. கற்றுக்கொடுக்க கோவையிலிருந்து வேல்குமார் வந்தார்.

"படங்கறது என்னங்க? கட்டங்கட்டமா நெம்பருங்க. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல்."

"நிட்டிங் துணியில கண்ணி கண்ணியா இருக்குமே, அதாட்டங்களா சார்?" என்றார் ஜெயசுதா.

வேல்குமார் யோசித்தார். "அதேதானுங்க" என்றார். அதன்பின் வகுப்பு முழுக்கப் பனியன் துணியாகவே நடந்தது.

ஜெயசுதா பத்து வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். விளக்கு மேசைமேல் துணியை இழுத்து, ஓட்டை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. பயிற்சிக்கு அவருக்கு வந்த படம் ராயபுரம். தார்ச்சாலையில் கருப்புக் கருப்பாக ஓட்டைகள். கை சும்மா இருக்குமா? கைப்பையில் கிடந்த பழைய ஸ்டிக்கர் அட்டையை எடுத்து, மானிட்டர் கண்ணாடியிலேயே ஒட்ட ஆரம்பித்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"டேமேஜுங்க சார். மார்க் பண்ணோணுமில்லீங்களா?"

வேல்குமார் மவுஸ் சக்கரத்தை உருட்டினார். படம் பெரிதாகியது, பள்ளங்கள் நகர்ந்தன, அம்புகள் நகரவில்லை. "பாருங்க, இப்ப கவுன்சிலர் காரு டேமேஜுன்னு காட்டுது."

"அதுவும் சரிதானுங்களே!" என்று பின்வரிசையில் ஒரு குரல். வகுப்பு சிரித்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு ஜெயசுதாவும் சிரித்தார்.

அம்பைக் கண்ணாடியில் ஒட்டாமல் படத்தின்மேல் தனி லேயராக ஒட்ட வேல்குமார் சொல்லிக்கொடுத்தார். இனி எவ்வளவு பெரிதாக்கினாலும் அம்பு பள்ளத்தை விடாது. எடுத்த தேதியும் படத்தோடு வரும். "அப்பறம் ஃபில்டர். சுத்தியிருக்கற பிக்சலாட்ட இல்லாம, தனியாத் தெரியற புள்ளிக்கு 'நாய்ஸ்'னு பேரு. பக்கத்துல இருக்கறதாட்டவே அதையும் மாத்தீரும். ஆனா அடியில ஒரிஜினல் அப்படியேதான் இருக்கும். ஃபில்டருங்கறது மேல போர்த்துன போர்வைங்க."

க்ளிக் செய்தார். பள்ளங்கள் போயின. சாலை இஸ்திரி போட்ட துணியாகப் படுத்துக் கிடந்தது.

வகுப்பில் கொடுத்த வடைக்காக உள்ளே வந்திருந்த சென்னியப்பனின் கை பாதியில் நின்றது.

"இன்னொருக்கா போடுங்க!"

போட்டார்கள்.

"நாய்ஸுங்களா! இத்தன நாளா இதப் பள்ளம்னில்ல நெனச்சுட்டிருந்தோம்!"

"சார், தரையில பள்ளம் அப்படியேதானுங்க இருக்கும்" என்றார் வேல்குமார்.

"தரைய யாருங்க பாக்கறாங்க? மேலிடத்துக்குப் படந்தானுங்க போகுது."

அறிவியலுக்கு இப்படி ஒரு வாரிசு கிடைத்ததற்காக வேல்குமார் தன் வடையையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த மாதம் 'பள்ளமில்லா ராயபுரம்' விழா. வாரியத் தலைவர், நாதஸ்வரம், பொன்னாடை, பெரிய திரை. சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார். கணினியில் ஜெயசுதா.

"அம்மிணி, போடுங்க!"

க்ளிக். நாற்பத்தொரு பள்ளங்களும் மறைந்தன. மண்டபம் அதிரக் கைதட்டல். தலைவர் சென்னியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவரும் இஸ்திரி போட்டதுபோல் மலர்ந்து நின்றார்.

"சார், இந்த ஃபில்டரு நம்ம ஆபீசுக்கு எப்பங்க வந்துச்சு?" என்று கேட்டார் ஜெயசுதா.

சென்னியப்பன் மைக்கிலேயே பதில் சொன்னார். "போன மாசந்தான் அம்மிணி! தமிழ்நாட்டுலயே நாமதான் மொதல்ல!" மறுபடியும் கைதட்டல்.

ஜெயசுதா போர்வையை விலக்கினார். பள்ளங்கள் திரும்பி வந்தன. ஒரு சந்தில், ஒரே ஒரு பள்ளத்தின்மேல் மட்டும் சிவப்பு அம்பு. திரையின் ஓரத்தில் படம் எடுத்த தேதி: மருதாசலம் விழுவதற்கு இருபத்திரண்டு நாள் முந்தையது.

"அப்படீன்னா, போன ஐப்பசியில நீங்க எதப் போட்டுங்க சார் பாத்தீங்க?"

நாதஸ்வரக்காரர்கூடச் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

நாம்தான் வாரியத்தின் தொழில்நுட்பத்தைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம். மென்பொருள் வருவதற்கு ஓராண்டு முன்பே, மவுஸும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல், சட்டைப்பையில் இருந்த ஒரு பேனாவால் ஒரு பள்ளத்தையும் அதற்குள் கிடந்த மனிதரையும் அது ஒரே வரியில் துடைத்து முடித்திருந்தது.